தமனிக்குள் கட்டிய சாரம்: ஸ்டென்ட் உருவான வரலாறு

'அண்ணனுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், அஃது என்ன என்று திருப்பிக் கேட்பவர் இன்று நம்மிடையே அரிது. திருமண வீட்டுப் பந்தியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த பின் தேநீர் வேளையிலும் இச்சொல் தாராளமாகப் புழங்குகின்றது. ஆனால், சுருங்கிய நிலையில் உள்ளே போன அந்தக் குழாய் அங்கே விரிவது எவ்வாறு? விரிந்தது மீண்டும் சுருங்காமல் நிற்பது ஏன்? அதை வைத்த பிறகு மருத்துவர் மாத்திரையைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதன் காரணம் என்ன? இவற்றைக் கேட்டால் பெரும்பாலும் விடை வருவதில்லை. இம்மூன்றுக்கும் விடை அக்கருவி வளர்ந்த கதைக்குள்ளேயே இருக்கின்றது. ஆகவே, அக்கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பெயர். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. எனினும், இக்கட்டுரையில் ஸ்டென்ட் என்றே எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் அது காரணப்பெயர் அன்று. ஓர் ஆளின் பெயர்!

சார்லஸ் ஸ்டென்ட் (1807–1885) இலண்டனில் வாழ்ந்த பல் மருத்துவர். பொய்ப்பல் செய்வதற்கு வாயின் அச்சை எடுக்க வேண்டும். அக்காலத்தில் அதற்குப் பயன்பட்ட பிசின், ஆறியதும் சுருங்கி வடிவம் கெட்டுவிடும். 1856ஆம் ஆண்டில் அப்பிசினுடன் ஸ்டியரின் என்னும் கொழுப்புப் பொருளையும் டால்க் என்னும் மாக்கல் பொடியையும் சேர்த்து, அச்சுக் குலையாத ஒரு கலவையை அவர் உருவாக்கினார். அது 'ஸ்டென்ட் கலவை' என்னும் பெயரில் விற்பனையாயிற்று.

அவர் திருத்தி அமைத்த அந்தப் பழைய பிசின் எது தெரியுமா? கெத்தா பெர்ச்சா! ஆம், நம் தீபகற்பத்துக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால்தான் அது. (இது நம் பாட்டன்மார் வெட்டிய ரப்பர் பால் அன்று, ரப்பர் மரம் இங்கே வந்ததே பின்னர்தான்.) வெந்நீரில் இட்டால் இளகும், ஆறினால் இறுகும் அதன் இயல்பை மலாய் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர், பாராங் கத்திக்குப் பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைக் கண்டு, 1843இல் இலண்டனுக்கு மாதிரிகள் அனுப்பினார். பின்னர் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போடும் அளவுக்கு அதன் தேவை பெருகியது. மரத்தைக் கீறிப் பால் எடுக்காமல், அடியோடு வெட்டிச் சாய்த்தே எடுத்ததால் தாபான் மரங்கள் பெருமளவில் அழிந்தன. அது தனியாக எழுதவேண்டிய கதை.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு யொஹன்னஸ் எஸ்ஸர் என்ற டச்சு அறுவை மருத்துவர் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்தார். ஒட்டிய தோல் நகராமல் தாங்கி நிற்க ஓர் அச்சு தேவைப்பட்டது. பல் மருத்துவரின் அந்தக் கலவையை அவர் அதற்குப் பயன்படுத்தி, 1917இல் அதைப் பற்றி எழுதினார். அன்று முதல் 'ஸ்டென்ட்' என்பது, உடலின் ஓர் உறுப்பையோ திசுவையோ அதன் இடத்தில் தாங்கிப் பிடிக்கும் எந்தப் பொருளுக்கும் பெயராகத் தொடங்கியது.

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால், தமனிக்குள் புகும் கருவி பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து பாதை குறுகுவதே நோய். 1960களின் தொடக்கம்வரை இதற்கு இருந்த வழி கத்தி ஒன்றே. அறுத்துச் சரிசெய்ய இயலாத காலை முழங்காலோடு எடுத்துவிடுவர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்-கதிர் மருத்துவர் இருந்தார். படம் எடுப்பதற்காகத் தமனிக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்க்குக் கதீட்டர் என்று பெயர். 1963இல் ஒரு நோயாளிக்குப் படம் எடுக்கையில், அடைபட்டிருந்த தமனியை அவருடைய கதீட்டர் எதிர்பாராமல் ஊடுருவிச் சென்று வழி திறந்துவிட்டது. படம் எடுக்கும் குழாயே சிகிச்சைக் கருவியும் ஆகலாமே என்ற எண்ணம் அங்கே முளைத்தது.

1964 சனவரி 16ஆம் நாள், 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்து சேர்ந்தார். இடக் கால் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றனர் அறுவை மருத்துவர்கள், மூதாட்டி மறுத்துவிட்டார். டாட்டர் அவருடைய தொடைத் தமனிக்குள் முதலில் ஒரு கம்பியையும், அதன்மீது ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களையும் செலுத்தி, அடைப்பை நெருக்கித் தள்ளி வழி உண்டாக்கினார். குளிர்ந்து கிடந்த பாதத்தில் சூடு பரவியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து வேறு நோயால் இறக்கும்வரை, அம்மூதாட்டி தம் இரு கால்களாலேயே நடந்தார்.

இத்தனைக்குப் பிறகும் டாட்டரைத் தம் நாட்டு அறுவை மருத்துவர்கள் நம்பவில்லை. 'பைத்தியக்காரச் சார்லி' என்று ஏளனம் செய்தனர். படம் எடுக்க நோயாளியை அனுப்பும்போதே 'படம் எடுத்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டா' என்று படிவத்தில் எழுதி அனுப்பியவரும் உண்டு! கத்தி பிடிக்காதவர் நோயைத் தீர்ப்பதா என்ற தன்மானச் சிக்கல்தான் இதற்குப் பெருங்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் அவர் முறைக்கு வரவேற்பு இருந்தது. அங்கே அதற்கு 'டாட்டரிங்' என்று அவர் பெயரையே வைத்துவிட்டனர்.

திறப்பது எளிது, திறந்ததைத் திறந்தபடி வைத்திருப்பதே அரிது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவரும் டாட்டர்தான். நாய்களின் கால் தமனிகளுக்குள் சிறு குழாய்களை வைத்துப் பார்த்து, 1969இல் முடிவுகளை வெளியிட்டார். இடைவெளியே இல்லாத நெகிழிக் குழாய்கள் ஒரு நாளுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டன. சுருள்வில் போல் சுற்றிய எஃகுக் கம்பியோ, சில நாய்களில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வழிவிட்டு நின்றது. கம்பிகளுக்கு இடையே இருந்த வெளியின் வழியாகத் தமனியின் உட்படலம் வளர்ந்து, உலோகத்தைப் போர்த்திக்கொண்டதே வேறுபாடு. ஸ்டென்ட் குழாயாக இல்லாமல் வலையாக இருப்பது இதனால்தான்.

ஆனால், அந்தச் சுருளில் ஒரு குறை. எந்தப் பருமனில் உள்ளே போகிறதோ அதே பருமனில்தான் அங்கும் இருக்கும். பெரிதாக வைக்க வேண்டுமென்றால் பெரிய துளையிட வேண்டும். போகும்போது சிறுத்து, போய்ச் சேர்ந்த பின் பருக்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதுதான் ஸ்டென்ட் வடிவமைப்பின் மூலக் கணக்கு.

இதற்கிடையே சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் அண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற இளம் மருத்துவர், டாட்டரின் முறையை வேறு வழியில் கொண்டு சென்றார். பருத்த குழாய்க்குப் பதிலாக, ஊதினால் விரியும் நீளமான பலூன். மாலை வேளைகளில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து அந்தப் பலூன்களைச் செய்து பார்த்தார். நெஞ்சைத் திறக்காமல், விழித்திருக்கும் மனிதரின் இருதயத் தமனியை 1977 செப்டம்பர் 16ஆம் நாள் அவர் முதன்முதலாகப் பலூனால் திறந்தார். நோயாளிக்கு வயது 38. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அத்தமனி திறந்தே இருந்தது.

முதல் நோயாளி நல்வாய்ப்புப் பெற்றவர் என்றே சொல்ல வேண்டும். பிறர் எல்லாருக்கும் அவ்வாறு அமையவில்லை. பலூன் அழுத்தத்தில் தமனிச் சுவர் கிழிந்து, தோல் உரிந்தது போல் மடிந்து பாதையை உடனே அடைத்துவிடுவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் பைபாஸ் அறுவைக்கு ஓட வேண்டும். அதனால் பலூன் சிகிச்சை நடக்கும் நேரத்தில் அறுவைக்கூடம் ஒன்று ஆயத்தமாகக் காத்திருக்கும். அப்படி நேராதவர்களிலும், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குள் தமனி மீண்டும் குறுகியது. ஒரு பகுதி, இழுத்துவிட்ட இரப்பர் வளையம் போல் சுவர் தானே சுருங்குவது. மறுபகுதி, காயம் ஆறும் முயற்சியில் உள்ளே தசை வளர்வது. குருன்ட்சிக் 1985 அக்டோபரில், தாமே ஓட்டிச் சென்ற விமானம் விழுந்து, தம் 46ஆம் வயதில் மாண்டார். டாட்டரும் அதே ஆண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார். இருவரும் தொடங்கிய பணியின் மறுபாதி அப்போதுதான் வேறு கைகளில் உருவாகிக்கொண்டிருந்தது.

சிறுத்துப் போய்ப் பருக்கும் உலோகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. எழுதுகோலின் உள்ளே இருக்கும் சுருள்வில்லை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பழைய நிலைக்கே திரும்பிவிடும். தாள்களைக் கவ்வும் கம்பியை வளைத்துவிட்டுக் கையை எடுங்கள், வளைந்தபடியே நிற்கும். முன்னது மீட்சி, பின்னது நிலைத்த உருமாற்றம். தானே விரியும் ஸ்டென்ட் முதல் வகை. அதை ஓர் உறைக்குள் அடக்கி அனுப்பி, உறையை உருவிவிட்டால் விரிந்துகொள்ளும். பலூனால் விரிக்கப்படும் ஸ்டென்ட் இரண்டாம் வகை. பலூன் அதைக் கட்டாயப்படுத்தி விரிக்கும். பலூன் சுருங்கி வெளியே வந்தாலும் உலோகம் விரிந்த வடிவிலேயே நிற்கும்.

முதல் வகைக்கு வியப்பான ஓர் உலோகம் கைகொடுத்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பூலர் என்பவர் ஆராய்ந்த நிக்கல்-டைட்டானியக் கலவை அது. இரு உலோகங்களின் பெயரையும் ஆய்வுக்கூடத்தின் பெயரையும் சேர்த்து 'நிட்டினால்' என்று அழைத்தனர். மடித்து மடித்துச் சுருக்கிய நிட்டினால் பட்டையை ஒருவர் 1961இல் ஒரு கூட்டத்தில் தீக்கொளுத்தியால் சுட்டபோது, அது தானாக நிமிர்ந்து பழைய வடிவத்துக்கு வந்தது! 1983இல் டாட்டர் குழுவும், ஆண்ட்ரூ கிராக் என்பவரின் குழுவும் தனித்தனியே நிட்டினால் சுருள்களைத் தமனிக்குள் வைத்துச் சோதித்து எழுதினர். காலிலும் கழுத்திலும் வைக்கும் ஸ்டென்ட் பெரும்பாலும் இன்று நிட்டினாலால் ஆனது. காரணம் எளிது. கால் மடங்கும், கழுத்து திரும்பும், வெளியிலிருந்து இடிபடும். நசுங்கினால் இரண்டாம் வகை ஸ்டென்ட் நசுங்கியபடியே கிடக்கும். நிட்டினால் திரும்ப எழுந்து நிற்கும்.

இருதயத்துக்குள் முதலில் நுழைந்ததும் தானே விரியும் வகைதான். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஹான்ஸ் வால்ஸ்டன் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர், எஃகு இழைகளைக் கூடை முடைவது போல் பின்னி ஒரு வலைக்குழாயை உருவாக்கினார். நீளவாக்கில் இழுத்தால் மெலியும், விட்டால் பருக்கும். 1986 மார்ச் 28ஆம் நாள் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புயெல் அதை ஒருவரின் இருதயத் தமனியில் வைத்தார். லோசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட் தொடர்ந்தார். உலகமே மகிழ்ந்தது. ஆனால், 1991இல் வெளியான ஓர் ஆய்வு அம்மகிழ்ச்சியை உலுக்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்து ஐரோப்பிய மருத்துவமனைகளில் கண்காணிக்கப்பட்ட 105 நோயாளிகளில், 24 விழுக்காட்டினருக்கு அது முற்றாக அடைத்துக்கொண்டிருந்தது. நான்கில் ஒருவர்! இரத்தத்துக்குள் கிடக்கும் வெற்று உலோகம் இரத்த உறைவை அழைக்கும் என்பதற்கு, நாய்கள் அல்ல, மனிதர்கள் கொடுத்த விலை அது.

இனி இரண்டாம் வகை. இதில்தான் எனக்குப் பிடித்த பகுதி வருகின்றது.

ஹூலியோ பால்மாஸ் 1945இல் அர்ஜென்டினாவில் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்த எக்ஸ்-கதிர் மருத்துவர். 1978இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் குருன்ட்சிக்கின் உரையைக் கேட்டார். தம் சிகிச்சையின் குறைகளையும் குருன்ட்சிக் மறைக்காமல் சொன்னார். தமனி திரும்ப மூடிக்கொள்ளுமானால், உள்ளே ஒரு சாரம் கட்டி நிறுத்தினால் என்ன என்று பால்மாஸ் எண்ணத் தொடங்கினார். கம்பியை வலையாகப் பின்னிச் சந்திகளில் பற்றவைத்துப் பார்த்தார். ஒரு கம்பியின்மேல் இன்னொன்று ஏறும் இடமெல்லாம் தடித்தது. பற்றவைப்பு விட்டுப்போகும் அச்சமும் இருந்தது.

அவருடைய வீட்டுக் கார்க் கொட்டகையில் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் விட்டுச் சென்ற ஓர் உலோக வலைத் துண்டு கிடந்தது. சுவரில் காரை பிடித்து நிற்பதற்காகப் பூச்சுக்கு அடியில் அடிப்பார்களே, அந்த வலை. அது பின்னியது அன்று. முழுத் தகட்டில் வரிசை வரிசையாகக் கீறல் இட்டு, இழுத்து விரித்தது. ஒரு வரிசைக் கீறலின் நடுவுக்கு நேராக அடுத்த வரிசையில் கீறல் இல்லாத இடம் வரும். இழுத்தால் ஒவ்வொரு கீறலும் சாய்சதுரமாகத் திறக்கும். சந்தியே இல்லை, பற்றவைப்பும் இல்லை; எல்லாம் ஒரே தகடு.

இதை வகுப்பறையில் செய்து காட்டலாம். தாளை மடித்து, ஓரத்திலிருந்து ஒன்று, மறு ஓரத்திலிருந்து ஒன்று என மாறி மாறி வெட்டிப் பிரித்து இழுங்கள். தீபாவளிக்கு வகுப்பில் நாம் தொங்கவிடும் அதே தாள் வலைதான். இழுக்கும்போது அகலம் கூடக்கூட நீளம் சற்றே குறைவதையும் மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவர். ஸ்டென்ட் வடிவமைப்பாளர்களை நெடுநாள் வாட்டிய சிக்கல்களுள் அதுவும் ஒன்று. விரியும்போது நீளம் குறைந்தால், மூட நினைத்த புண்ணின் ஓரம் வெளியே நிற்கும்.

தகட்டுக்குப் பதில் மெல்லிய எஃகுக் குழாய். அதன் சுவரில் மாறி மாறி அமைந்த நீள் கீறல்கள். உள்ளே சுருங்கிய பலூன். ஊதினால் கீறல்கள் சாய்சதுரங்களாகத் திறந்து, எஃகு தன் மீட்சி எல்லையைத் தாண்டி வளைந்து அப்படியே நின்றுவிடும். பால்மாஸின் கண்டுபிடிப்பு இவ்வளவே. பெரிய நிறுவனங்கள் கைவிரித்தன. அவர் பணியாற்றிய டெக்சஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் உணவகத் தொழில் நடத்திய ஃபில் ரொமானோ என்பவர் 2,50,000 அமெரிக்க டாலர் தந்தார்! இருதய மருத்துவர் ரிச்சர்ட் ஷாட்ஸும் சேர்ந்தார். 1986இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் உரிமம் பெற்றது. 1988இல் காப்புரிமை கிடைத்தது.

ஷாட்ஸின் பங்கைச் சிலர் குறைத்துப் பேசுவர், அது முறையன்று. பால்மாஸின் குழாய் 15 மி.மீ. நீளத்தில் விறைப்பாக இருந்தது. இருதயத் தமனியோ சராசரியாக 3 மி.மீ. அகலமே உடையது, வளைந்து வளைந்து போவது. விறைத்த குழாய் அந்த வளைவுகளில் திரும்பவில்லை. ஷாட்ஸ் அதை நடுவில் பிரித்து, 7 மி.மீ. துண்டுகள் இரண்டாக்கி, 1 மி.மீ. பாலம் ஒன்றால் இணைத்தார். பேருந்து இரண்டை ஒரு மூட்டால் இணைத்தது போல. பின்னாளில் வந்த ஸ்டென்ட்கள் எல்லாம் இந்த எண்ணத்தின் நீட்சியே. நெளிநெளியான வளையங்கள் பல. அவற்றுக்கிடையே சில பாலங்கள் மட்டும். வளையம் வலுவைத் தரும். பாலங்கள் குறைந்தால் நெகிழ்வு கூடும்.

1987 டிசம்பரில், பிரேசிலின் சாவ் பாலோ நகரில் எடுவார்டோ சௌசா என்ற மருத்துவரின் கூடத்தில் பால்மாஸ்-ஷாட்ஸ் ஸ்டென்ட் முதன்முதலாக இருதயத் தமனியில் வைக்கப்பட்டது. 1994இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. ஐரோப்பிய ஆய்வில் 520 நோயாளிகள். பலூன் மட்டும் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், ஸ்டென்ட் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் தமனி மீண்டும் குறுகியது. 410 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வும் இதே திசையைக் காட்டியது. அவ்வாண்டே அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது.

ஆனால், எண்களுக்குப் பின்னால் ஒரு துன்பம் இருந்தது. உறைவைத் தடுக்க இரத்தத்தை நீர்க்கச் செய்யும் கடுமையான மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்தனர். தொடையில் துளையிட்ட இடத்தில் இரத்தம் கசியும். ஐரோப்பிய ஆய்வில் பலூன் பெற்றவர் சராசரி 3.1 நாளில் வீடு திரும்ப, ஸ்டென்ட் பெற்றவர் 8.5 நாள் மருத்துவமனையில் கிடந்தார். இத்தாலியின் அந்தோனியோ கொலம்போ, தமனிக்குள்ளேயே நுண்ணொலிக் கருவியை அனுப்பிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பல ஸ்டென்ட்கள் முழுமையாக விரியவே இல்லை! எக்ஸ்-கதிர்ப் படத்தில் விரிந்தது போல் தோன்றியவை, உள்ளே சுவரைத் தொடாமல் நின்றன. மிகு அழுத்தத்தில் பலூனை ஊதிச் சுவரோடு ஒட்டவைத்து, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் மாத்திரைகள் இரண்டைக் கொடுத்தால் போதும் என்று 1995இல் அவர் காட்டினார். மறு ஆண்டு வெளியான ஜெர்மானிய ஆய்வு அதை உறுதி செய்தது. இன்று ஓரிரு நாளில் வீடு திரும்புகிறோமே, அதற்கு வழிவிட்டது முதன்மையாக இந்தத் திருத்தம்தான். புதிய உலோகம் ஏதுமில்லை; இருந்ததை ஒழுங்காகப் பொருத்தியதே மாற்றம்.

அடுத்த சிக்கல், ஸ்டென்ட்டே உண்டாக்கும் காயம். கம்பி சுவரில் அழுந்துவதால் தசை வளர்ந்து, வலைக் கண்கள் வழியே உள்ளே புடைக்கிறது. கம்பி தடித்தால் காயமும் மிகுதி. 2001இல் வெளியான ஆய்வொன்றில் ஒரே மாதிரியான இரு ஸ்டென்ட்களை ஒப்பிட்டனர். ஒன்றன் கம்பி 140 மைக்ரான் தடிப்பு, மற்றது 50 மைக்ரான். தடித்ததில் 25.8 விழுக்காடும் மெலிந்ததில் 15 விழுக்காடும் மீண்டும் குறுகின. வலுவாக இருக்கத் தடிப்பு வேண்டும்; காயம் குறைய மெலிவு வேண்டும். எஃகைவிட வலுவான கோபால்ட்-குரோமியக் கலவைகளை நாடியது இதனால்தான்.

தசை வளர்ச்சியை மருந்தால் அடக்கும் வழியும் பிறந்தது. 1964இல் கனடா நாட்டு ஆய்வுக்குழு ஈஸ்டர் தீவிலிருந்து மண் மாதிரிகளை எடுத்து வந்தது. அத்தீவு மக்கள் அதை ராப்பா நூயி என்பர். அம்மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து 1972இல் மாண்ட்ரியால் ஆய்வுக்கூடத்தில் சுரேந்திர நாத் சேகல் குழுவினர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தீவின் பெயரால் 'ராப்பமைசின்' என்று அழைத்தனர். நிறுவனம் அந்த ஆய்வுக்கூடத்தை மூடி ஆராய்ச்சியை நிறுத்தியபோது, சேகல் அந்த நுண்ணுயிரியைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்துக் காத்தார்! பின்னாளில் அது மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு மருந்தானது. செல்கள் பெருகுவதைத் தடுக்கும் அதன் ஆற்றல், ஸ்டென்ட்மீது பூசவும் ஏற்றதாயிற்று. 1999 டிசம்பரில் அதே சாவ் பாலோவில், அதே சௌசா, மருந்து பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். 2002இல் வெளியான 238 பேர் ஆய்வில், மருந்து பூசாத ஸ்டென்ட் பெற்றவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு மீண்டும் குறுகியது. மருந்து பூசியதில் ஒருவருக்கும் இல்லை. சுழியம்! 2003 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் வந்தது. சேகல் அதைக் காணவில்லை. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே புற்றுநோயால் மறைந்தார்.

'நோய் தீர்ந்தது' என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 2006இல் பார்சலோனாவில் கூடிய ஐரோப்பிய இருதய மருத்துவர் மாநாட்டில் அதிர்ச்சி காத்திருந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்ற சிலருக்கு, ஓராண்டு கழித்தும்கூடத் திடீரெனக் குருதி உறைந்து மாரடைப்பு நேர்கிறது என்ற தரவுகள் அங்கே வெளிவந்தன. தீய தசையை வளரவிடாத மருந்து, நல்ல உட்படலத்தையும் வளரவிடவில்லை. டாட்டரின் நாய்களில் சுருளைக் காத்த அதே போர்வை இங்கே உருவாகாமல், உலோகம் மாதக்கணக்கில் இரத்தத்தில் அம்மணமாகக் கிடந்தது. அந்த இடைக்காலத்தில் காவல் நிற்பவை, தட்டணுக்களைத் தடுக்கும் அந்த இரு மாத்திரைகளே.

மருத்துவர் கண்டிப்புக் காட்டுவதன் காரணம் இப்போது விளங்கும். அடுத்து வந்த தலைமுறை ஸ்டென்ட்களில் கம்பி மெலிந்து, பூச்சும் மேம்பட்டு, அந்த ஆபத்து நன்கு குறைந்துள்ளது, முற்றாக மறையவில்லை. எத்தனை மாதம் இரு மாத்திரை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மருத்துவர் சொல்வதே கணக்கு. பல் பிடுங்க வேண்டும் என்பதற்காகவும், 'உடம்புதான் நன்றாக இருக்கிறதே' என்பதற்காகவும் தாமாகவே நிறுத்திவிடுவோர் நம் உறவுகளில் உண்டு. மேலே சொன்ன நான்கில் ஒருவரை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இன்னொரு நம்பிக்கையையும் வரலாறு திருத்தியிருக்கின்றது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையில் தமனியைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிரைக் காக்கும், ஐயமில்லை. ஆனால், நடந்தால் மட்டும் நெஞ்சு வலிக்கும் நிலையான நோயாளிகள் 2,287 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வும், 5,179 பேரை ஆராய்ந்து 2019இல் முடிவு அறிவிக்கப்பட்ட ஆய்வும், நல்ல மருந்துச் சிகிச்சையைக் காட்டிலும் தலையீடு அவர்களின் ஆயுளைக் கூட்டவில்லை என்றே கண்டன. வலி குறைந்தது, அதுவும் சிறு நன்மை அன்று. எனினும், ஸ்டென்ட் திறப்பது ஓரிடத்து அடைப்பை மட்டுமே; நோயோ தமனி முழுதும் பரவியது.

விலையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. 1990களில் நம் இராமேசுவரத்து அப்துல் கலாமும், ஐதராபாத்தின் இருதய மருத்துவர் சோம ராஜுவும் சேர்ந்து, குறைந்த விலை ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினர். 'கலாம்-ராஜு ஸ்டென்ட்' என்று பெயர் பெற்றது. ஏவுகணை செய்தவர் ஏழையின் இருதயத்துக்குக் கம்பி வலை செய்ததை நாம் மாணவர்களுக்கு இன்னும் அடிக்கடி சொல்லலாம். 2017 பிப்ரவரியில் இந்திய அரசு, மருந்து பூசாத ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாயும் மருந்து பூசியதற்கு 29,600 ரூபாயும் உச்ச விலையாக அறிவித்தது. மறுபுறம், காப்புரிமை வழக்குகளில் மட்டும் ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு 2010இல் 172.5 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. கார்க் கொட்டகையில் கிடந்த வலைத் துண்டு எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

சாரம் என்பது கட்டடம் நின்றதும் பிரித்துவிட வேண்டியது. தமனி ஆறிய பின் உலோகம் எதற்கு என்ற கேள்வி நெடுநாளாகவே இருந்தது. மெல்லக் கரைந்து மறையும் பொருளால் ஆன ஸ்டென்ட் ஒன்றுக்கு 2016 சூலையில் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. உலோகத்தின் வலு அதற்கு இல்லை. ஆகவே கம்பியை 150 மைக்ரான் வரை தடிப்பாக்க வேண்டியதாயிற்று. தடித்த கம்பி என்ன செய்யும் என்பதை முன்பே பார்த்தோம். உறைவுகள் மிகுந்தன, 2017 செப்டம்பரில் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. மக்னீசியத்தால் ஆன கரையும் வகைகள் மீதான முயற்சிகள் தொடர்ந்தன.

2024 மார்ச்சில் அமெரிக்கா வேறொரு கருவிக்கு ஒப்புதல் தந்தது. ஸ்டென்ட்டுக்குள்ளேயே மீண்டும் அடைப்பு வந்தவர்களின் இருதயத் தமனிக்கானது அது. உள்ளே போய் ஊதி, சுவரில் மருந்தைப் பூசிவிட்டு, எதையும் விட்டுவைக்காமல் வெளியே வந்துவிடும் பலூன். குருன்ட்சிக் தம் சமையலறை மேசையில் செய்ததைப் போன்ற ஒன்று. இம்முறை அதன்மேல் மருந்து பூசியிருந்தது.